முதல் பக்கத்துப் பென்சில்

ராஜமதிக்கு ஜென்ம விரோதி என்று யாரும் கிடையாது. எண்பத்தேழாம் வருஷம் ஒரு பென்சில் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அது யார் கையில் இருக்கிற பென்சில் என்று தெரியாமல் அவள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. அந்தக் கை மட்டும் அகப்பட்டால் என்ன செய்வேன் தெரியுமா என்று அடுப்படியில் நின்று தனக்குத்தானே பேசிக்கொள்கிற அளவுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் நேமிநாதன் பள்ளிக்கூடத்தில் கிளார்க், சாது மனுஷன். யாரிடம் பேசுகிறாய் என்று ஒரு நாள் கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள் ராஜமதி. கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்து இரண்டாம் வருஷம், தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் கண்ணாயிரத்தின் சைக்கிள் கடை மாடியில் இருந்த வாடகை நூலகத்துக்கு வேலைக்குச் சேர்ந்தாள். அதை ஆரம்பித்தவர் கண்ணாயிரத்தின் மச்சான். அவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் அலமாரிகளை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். கண்ணாயிரம் வாழ்நாளில் ஒரு புத்தகம் முழுசாகப் படித்ததில்லை. பஞ்சர் பார்க்கிற நேரத்தில் யாராவது புத்தகம் கேட்டால் மேலே கையைக் காட்டுவார், அவ்வளவுதான்.

மேலே ராஜமதி வைத்ததுதான் சட்டம். புதுப் புத்தகம் வந்தால் முதலில் அவள் படிப்பாள், பிறகுதான் அலமாரிக்குப் போகும். பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம் என்பதால் ஐந்தரை மணிக்கு அலமாரிக்குப் பின்னால் போய் டிபன் டப்பாவைத் திறப்பாள். அந்தப் பத்து நிமிஷம் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களிடம் என்ன பிடிக்கும் என்று கேட்கவே மாட்டாள். கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தீர்கள் என்றுதான் கேட்பாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இவருக்கு இதுதான் சரி என்று ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டுவாள்.

நீட்டி என்ன பிரயோஜனம்? பதினோரு வருஷமாக நீட்டிக்கொண்டேயிருந்தாள், ஒருவரும் வாங்கவில்லை. வருகிறவர்கள் அவள் கைக்கு மேலே எட்டிப் பார்த்து, அட்டையில் பெண் படம் போட்ட மாத நாவலை உருவிக்கொண்டு போனார்கள். அவள் தேடித்தேடிச் சேர்த்த புத்தகங்கள் கீழ்த்தட்டில் தூங்கின. அதிலும் அவள் உயிராக வைத்திருந்தவை பைண்டு செய்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகைகளில் வந்ததை வாராவாரம் கிழித்து, வரிசையாக அடுக்கி, தைத்து அட்டை போட்டவை. பேய் பங்களாவுக்குள் கதாநாயகி நுழைகிற இடத்தில் கூந்தல் தைல விளம்பரம் குறுக்கே வரும். அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அவள் சொன்னதைத் தட்டாமல் வாங்கிப் போனவர் ஊரிலேயே ஒரே ஒருத்தர், ரிட்டயரான கம்பவுண்டர் அப்பாதுரை. செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி வீடு. பையை நீட்டி, "நீங்க பார்த்து எது குடுத்தாலும் சரிம்மா" என்பார். ரெண்டே நாளில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அந்த மனுஷன் படியேறி வருகிற நாளில் ராஜமதிக்கு இந்த வேலை வேலையாகத் தெரியும்.

அந்த வருஷம்தான் மெட்ராஸ் டிவியில் 'ஏழாம் மணி' வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு, மொத்தம் பதின்மூன்று வாரம். பூட்டிக் கிடக்கிற பழைய பள்ளிக்கூடத்தில் தினமும் ஏழு முறை மணி அடிக்கும், யார் அடிக்கிறார்கள் என்று தெரியாது. பிளஸ் ஒன் படிக்கிற நாலு பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கப் போவார்கள். எங்கள் ஊரில் டிவி வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மொட்டை மாடியில் கம்பத்தை எவ்வளவு உயர்த்தினாலும் திரை முழுக்கப் புள்ளி பறக்கும். போவது பேயா புள்ளியா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து பயந்தார்கள். கண்ணாயிரம் வீட்டுக் கூடத்தில் நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து ராஜமதியும் பார்த்தாள், பயந்தாள், அடுத்த வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

நாலாம் வாரம் நூலகத்துப் படிக்கட்டு தடதடத்தது. பிளஸ் ஒன் பெண்கள் பதினாலு பேர். முன்னால் தனம், பூக்கடைக்காரர் மகள், வாயாடி. "அக்கா, ஏழாம் மணி மாதிரி எதுனா இருந்தா குடுங்கக்கா, வியாழக்கெழம வரைக்கும் தாங்காது" என்றாள்.

ராஜமதிக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷம் கழித்து ஒரு கூட்டம் வந்து அவளைப் பார்த்து, நீயே சொல் என்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தத் தொடரில் எது பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். பேய் பிடித்திருக்கிறது என்றவர்களைச் சுவரோரம் நிற்க வைத்தாள். யார் மணி அடிப்பது என்று கண்டுபிடிப்பதுதான் பிடித்தது என்றவர்கள் ஜன்னலோரம். அந்த நாலு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் பிடித்தது என்று தனம் சொன்னாள். ராஜமதி அவளைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டாள்.

பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பதினைந்து புத்தகங்களை எழுதிச் சுவரில் ஒட்டினாள். சுவரோரத்துக்காரிகளுக்கு, மூன்று தலைமுறையாக யாரும் தண்ணீர் எடுக்காத கிணற்றைப் பற்றிய தொடர்கதை. ஜன்னலோரத்துக்கு, மலை பங்களாவில் தினமும் ஒரு நாற்காலி இடம் மாறுகிற கதை. தனத்துக்கு, ஹாஸ்டலில் பூட்டின அறைக்குள் விளக்கு எரிவதைப் பார்க்கிற மூன்று சிநேகிதிகளின் கதை. அதைப் படித்தபோது ராஜமதிக்கே மாடிப்படி இறங்கப் பயமாக இருந்தது. பதினைந்தும் கீழ்த்தட்டுப் புத்தகங்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் சாயங்காலமே தனம் புத்தகத்தை மேஜையில் டொப்பென்று போட்டாள்.

"இன்னாக்கா இது? மொதப் பக்கத்தப் பாருங்க."

மணி மணியான கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. 'பயப்பட வேண்டாம். பேய் இல்லை. வார்டன் அம்மாதான் விளக்கு ஏற்றுகிறாள். மூன்று பெண்களும் சுகம்.'

ராஜமதிக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். பழைய பத்திரிகைத் தாள் ஆயிற்றே, எழுத்து போவதற்கு முன் காகிதம் போய்விட்டது. கிணற்றுக் கதை வந்தது, அதிலும் அதே கை: 'பயப்பட வேண்டாம். கிணற்றில் யாரும் விழவில்லை.' நாற்காலிக் கதை வந்தது: 'சமையல்காரர்தான் நகர்த்துகிறார். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.' மேலே வெள்ளைத் தாள் ஒட்டிக் கொடுத்துப் பார்த்தாள். பெண்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு வந்து திட்டினார்கள். முடிவு தெரிந்த பிறகு எவள் படிப்பாள்? பதினாலு பேர் ஒன்பதானார்கள், ஒன்பது நாலானது. இந்த நாலு பேரும் போய்விட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அட்டைப்படம் எடுத்துக்கொடுக்கிற வேலைதான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

யாரைத்தான் சந்தேகப்படவில்லை! பஸ் ஸ்டாண்ட் வாலிபர்களைச் சந்தேகப்பட்டாள். பாவம், தனத்தோடு வந்த ஒரு பெண்ணின் பென்சிலைப் பிடுங்கி எழுதிப் பார்த்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள். நாலு மூன்றானது. கண்ணாயிரம் கீழிருந்தபடியே, முடிவு தெரிந்தால் சீக்கிரம் படித்து முடித்துவிடலாமே, நல்லதுதானே என்றார். அன்றைக்கு அவருக்கு விழுந்தது நேமிநாதனுக்கு விழுந்ததைவிட ஜாஸ்தி.

தொடரின் கடைசி வாரம் வந்தது. கண்ணாயிரம் வீட்டில் உட்கார இடமில்லாமல் ஜன்னலில் தொங்கினார்கள். நாலு பிள்ளைகளும் மணிக்கூண்டு ஏறுகிறார்கள். கயிறு ஆடுகிறது. கயிற்றைப் பிடித்திருக்கிற கை தெரிகிறது. கை யாருடையது என்று காமிரா மேலே போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெரு முழுக்க ஒரே கூச்சல். ராஜமதி இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போயும் தூக்கம் வரவில்லை, அந்தக் கையே கண்ணில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை நூலகத்தைத் திறந்ததும், பென்சில் பட்ட புத்தகங்களை ஆத்திரத்தோடு தரையில் பரப்பினாள். யார் எடுத்தாலும் பின்னட்டையில் ஒட்டியிருக்கிற தாளில் அவர் உறுப்பினர் எண் ஏறும். இத்தனை நாளும் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பின்னட்டையைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது புரட்டினாள். இந்தப் பெண்களுக்கு முன்னால் எல்லாவற்றிலும் ஒரே எண்தான் இருந்தது, நூற்றுப்பன்னிரண்டு. பதினோரு வருஷத்தில் அந்தப் புத்தகங்களைத் தொட்டவர் ஒரே ஆள். அப்பாதுரை.

நூலகத்தைப் பூட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுக்கு நடந்தாள். வேறு எவனாவது இருந்தால் வழியெல்லாம் திட்டிக்கொண்டு போயிருப்பாள். இந்த மனுஷனை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை, அதனால் கோபம் இரண்டு மடங்கானது.

கதவைத் திறந்தது அவர் மனைவி வெள்ளையம்மாள். அறுபது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, காதோரம் ஒரு பென்சில் செருகியிருந்தது. ராஜமதியின் கண் அதிலேயே நின்றது. அந்த அம்மாளே, "புத்தகத்துல எழுதினதுக்கு வந்திருக்கியா? நான்தாம்மா எழுதறது. அவர் தூக்கிக்கிட்டு வர்றதோட சரி" என்றாள்.

ராஜமதி பொரிந்து தள்ளினாள். பதினோரு வருஷமாக ஒருவரும் தன் பேச்சைக் கேட்காததைச் சொன்னாள், வந்த பதினாலு பெண்கள் மூன்று பேரானதைச் சொன்னாள். முடிவு தெரியாமல் இருப்பதுதான் அந்தக் கதைகளுக்கு உயிரே, அதைக் கொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று கேட்டாள். வெள்ளையம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, நேற்றுக் கரண்ட் போனபோது எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"எரிச்சலா இருந்துச்சு. தூக்கமே வரலைங்க."

"ஒரு நாளைக்கே இப்படி." வெள்ளையம்மாள் உள்ளே பார்த்தாள். அப்பாதுரை கூடத்து நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "ஐம்பத்தெட்டாம் வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை, எழுந்திருக்க முடியாம கெடந்தேன். எங்க எட்டு வயசுப் பையனுக்கு ஜுரம்னு வேலூருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நல்லாயிடுவான், நல்லாயிடுவான்னு எட்டு நாள் எங்கிட்ட சொன்னாங்கம்மா. அவன் ரெண்டாம் நாளே போயிட்டான். இவருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லலை."

அப்பாதுரை தலை நிமிரவில்லை.

"அதிலிருந்து கடைசிப் பக்கத்தப் பார்க்காம எதையும் தொட மாட்டேன். புள்ளைங்க சாகுற கதைன்னா திருப்பிக் குடுத்துடுவேன். எனக்கப்புறம் படிக்கிறவங்களும் பயந்து கெடக்கக் கூடாதுன்னுதான் மொதப் பக்கத்துல எழுதறேன்."

ராஜமதிக்கு அழுகையும் வந்தது, கோபமும் போகவில்லை. இனிமேல் கடைசிப் பக்கத்தில் எழுதுங்களேன், வேண்டியவர்கள் அங்கே பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். பயந்தவர்களுக்கு அங்கே பார்க்கத் தைரியம் வராது என்றாள் வெள்ளையம்மாள். கடைசியில், எல்லாப் புத்தகத்தையும் நான்தான் முதலில் படிக்கிறேன், உங்களுக்கு வேண்டிய முடிவை நானே ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து அனுப்புகிறேன், புத்தகத்தில் மட்டும் பென்சில் படக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளையம்மாள் சரி என்று தலையாட்டினாள்.

திரும்பி வந்து, புது டயர்களைச் சுற்றி வருகிற காக்கித் தாளைக் கண்ணாயிரத்திடம் வாங்கி, பதினைந்து முதல் பக்கங்களிலும் பென்சில் வரிகளை மூடி ஒட்டினாள். எந்த வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் தெரியாது. தனம் போய்ப் பேசி ஐந்து பேரைத் திரும்பக் கூட்டிவந்தாள். பென்சில் பிடுங்கப்பட்ட பெண் கடைசிவரை வரவேயில்லை, அது ராஜமதிக்கு ஆறவேயில்லை. பத்து நாள் கழித்து மெட்ராஸ் சித்தி கடிதத்தில் 'ஏழாம் மணி' முடிவை எழுதியிருக்கிறாள் என்று தனம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். சொல்லட்டுமா வேண்டாமா என்று இழுத்தாள். "சொல்லித் தொலைடி" என்றாள் ராஜமதி, டிபன் டப்பாவைக்கூட மூடாமல்.

சீட்டு எழுதுவது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினாள். 'பயப்பட வேண்டாம். மாமாதான் திருடன்.' 'பயப்பட வேண்டாம். குழந்தை கிடைத்துவிடுகிறது.' தானே ரசித்துப் படித்த கதையை இப்படித் தோலுரித்து அனுப்புகிறோமே என்று புலம்புவாள். அப்பாதுரை வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

எண்பத்தொன்பதில் ஒரு புத்தகம் வந்தது. அத்தனை வருஷத்தில் அவள் படித்ததிலேயே நல்ல புத்தகம், ஆனால் அதில் ஒரு பையன் செத்துப்போகிறான். வெள்ளையம்மாளுக்கு அதைக் கொடுக்காமல் விட மனம் வரவில்லை. கொடுக்கவும் கை வரவில்லை. மூன்று வாரம் மேஜைக்குள்ளேயே வைத்திருந்தாள். கடைசியில் சீட்டு எழுதினாள். அதில் 'பயப்பட வேண்டாம்' என்று எழுதவில்லை. 'ஒன்பதாம் அத்தியாயத்தில் பையன் இறந்துவிடுகிறான். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா. வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள்' என்று எழுதி, மடிக்காமல் முதல் பக்கத்தில் வைத்து, பையில் போட்டு அப்பாதுரையிடம் கொடுத்தாள்.

இரண்டு நாளில் வரவேண்டியது வரவில்லை. ஒரு வாரம் ஆனது. எட்டாம் நாள் அப்பாதுரை மெதுவாகப் படியேறி வந்து புத்தகத்தை மேஜையில் வைத்தார். ராஜமதி அவசரமாகத் திறந்தாள். புத்தகத்தில் எங்கேயும் ஒரு கோடு இல்லை. அவள் எழுதின சீட்டு ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தது, அதன் அடியில் பென்சிலால் மணி மணியாக ஒரு வரி.

'படித்துவிட்டேன். அவருக்கும் வாசித்துக் காட்டினேன்.'