சுடாத கால்

முதலில் செருப்புதான் போனது. காப்பித் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஏறி வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த பக்கத்து வீட்டு வெள்ளச்சி என் காலைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, ஒத்தச் செருப்போட எந்த ஊருக்குங்க பயணம்?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. திரும்பிப் போய்த் தேடினால், வெகுதூரம் கீழே ஓடை தாண்டுகிற இடத்தில் சேற்றில் கிடந்தது. அவ்வளவு தூரமும் கல்லிலும் முள்ளிலும் வெறுங்காலாக ஏறி வந்திருக்கிறேன். கால் ஒன்றும் சொல்லவில்லை.

அதை நான் நோய் என்று நினைக்கவில்லை. மலையில் பிறந்து வளர்ந்த கால் முள்ளுக்கு அசையுமா என்று வெள்ளச்சியிடம் பெருமை பேசினேன்.

சர்க்கரை இருக்கிறது என்று அதற்கு முன்பே ஒரு நர்சம்மா ஊருக்கு வந்து ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லி, மாத்திரையும் கொடுத்திருந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. உட்கார்ந்து தின்கிற கீழ்நாட்டுக்காரர்களுக்கு வருகிற வியாதி, விடிந்தால் மண்வெட்டி பிடிக்கிறவளுக்கு எப்படி வரும்? எங்கள் அம்மா காலத்தில் சாமையும் கேழ்வரகும் தின்றோம். இப்போது மூன்று வேளையும் ரேஷன் அரிசி. யார் வீட்டுக்குப் போனாலும் வெல்லம் போட்ட காப்பி. வேண்டாம் என்றால், "எங்க ஊட்டுல கை நனைக்க மாட்டீங்களா" என்று மனம் கோணிவிடுவார்கள். மாத்திரையைப் பெட்டியில் போட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஆடியில் குண்டம் இறங்குவோம். கனல் பரப்பிய குழியில் வெறுங்காலோடு நடப்பது. என் வீட்டுக்காரர் இறந்த வருஷத்தைத் தவிர நான் இறங்காத ஆடி இல்லை. எப்போதும் சுடும். சுடாது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

செருப்பைத் தொலைத்த வருஷத்து ஆடியில் சுடவில்லை. பாதி வழியில்தான் அது புரிந்தது. நான் ஓடவில்லை. நடந்தேன். நடுக்குழியில் நின்று கோயிலைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பூசாரி தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். "ஆத்தா உம்மேல வந்து நின்னுட்டாம்மா" என்றார். பொழுது சாயும் வரை பிள்ளைக்காரிகள் வந்து குழந்தைகளுக்கு என் கையால் திருநீறு வாங்கிப் போனார்கள். ஆம்பிளை இல்லாத வீடு என்று என்னை ஊர்க்கூட்டத்தில் ஓரமாக நிறுத்தியவர்களும் வந்தார்கள். அந்த ஒரு நாளை நான் இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் குளிக்கும்போது இடது உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்தேன்.

குண்டம் இறங்கியவளுக்குக் கொப்புளம் வந்தால், விரதம் தவறினாள் என்று எங்களில் அர்த்தம். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், காலைப் பார்ப்பார்கள். மஞ்சளும் கோயில் சாம்பலும் அப்பித் துணி சுற்றிக்கொண்டேன். வலியே இல்லை. வலிக்காத புண்ணும் ஒரு புண்ணா?

மகள் செல்வி ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தவள் வாசலிலேயே மூக்கைப் பிடித்தாள்.

"ஏம்மா, ஊட்டுக்குள்ள எலி செத்துக் கெடக்குதாட்ட இருக்குது."

இருவரும் தேடினோம். மூட்டைகளை நகர்த்தினோம். பரணில் ஏறிப் பார்த்தாள். நான் போகிற இடமெல்லாம் நாற்றமும் வந்தது. செல்வி தேடுவதை நிறுத்தி என் காலையே பார்த்தாள்.

"துணிய அவுத்துக் காட்டும்மா."

"அது சாமி காரியம். நீ தொடாத."

"சாமி காரியம் இப்படியா நாறும்?"

கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்தாள். நான் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஏறினால் ஊருக்கே தெரிந்துவிடும். மாலை போட்ட பூசாரி முகத்தில் எப்படி விழிப்பது? கால் போனாலும் போகட்டும் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். காய்ச்சலில் என் வாய் குழறத் தொடங்கிய பிறகு, செல்வியும் வெள்ளச்சியும் என்னைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட நினைவில் இல்லை.

சேலத்தில் என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. காய்ச்சல் தணிந்ததும் வலது காலை முதலில் பார்த்தார். கையில் தூண்டில் நரம்பு போல ஓர் இழை.

"கண்ண மூடிக்கங்கம்மா. நான் தொடுறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் ஆரம்பிக்கவே இல்லை.

"எப்பங்க தொடுவீங்க?" என்று கேட்டேன்.

செல்வி விசும்புகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். இழை என் உள்ளங்காலில் அழுந்தி, வில்லாக வளைந்து நின்றது.

நியூரோபதி (சர்க்கரை கூடிக் காலின் நரம்புகள் உணர்வை இழப்பது) என்றார்.

"குண்டத்துல சுடலைங்களாம்மா?" என்று கேட்டார். செல்வி சொல்லியிருக்க வேண்டும்.

"சுடலைங்க. ஆத்தா காப்பாத்துனா."

அவர் அந்த இழையை மறுபடி என் உள்ளங்காலில் வளைத்துக் காட்டினார். வாதாடியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். கண் பார்த்ததைக் கால் அறியாததில்தான், சுடாததற்குக் காரணம் ஆத்தா இல்லை என்று எனக்குப் புரிந்தது.

இடது காலில் கேங்ரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை செத்து அழுகுவது). காலை எடுக்க வேண்டும் என்றார். அழுகின இடத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன்.

"மேல ஏறிடுச்சும்மா. முட்டிக்குக் கீழ எடுத்தாத்தான் உசுரு நிக்கும்."

கைநாட்டு வைக்க மை கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று, என் பெயரை நானே எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்தபோது, ஆத்தா ஒரு காலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றது பாதி ஊர். விரதத்தில் என்னத்தைத் தின்றாளோ என்றது மீதி. பூசாரி வந்தார். கால் இருந்த பக்கம் பார்க்காமல் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். தினமும் உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். கால் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். வலிக்கிற புண்ணைவிட வலிக்காத புண்ணுக்குப் பயப்படுங்கள்.

ஒருநாள் வெள்ளச்சியைக் கண்ணை மூடச் சொல்லி, விளக்குமாற்றுக் குச்சியால் அவள் பாதத்தைத் தொட்டேன்.

"தொடுவீங்களா, இல்ல நான் தூங்கட்டுங்களா?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து குச்சியைப் பார்த்ததும் அவளும் நிறுத்திவிட்டாள். செல்வியோடு போய் ரத்தம் சோதித்து வந்தாள். அவளுக்கும் சர்க்கரை. இந்த ஆடியில் அவள் குண்டம் இறங்கவில்லை. நெருப்புக்குப் பயந்தவள் என்று அவளுக்கும் ஒரு பேச்சு வந்தது.

குண்டத்தன்று அவள் என் வாசலில் வந்து உட்கார்ந்தாள். கீழே பம்பை மேளச் சத்தம். புகை மேலே ஏறி வந்தது. அப்போது என் இடது பாதம் எரியத் தொடங்கியது. இல்லாத பாதம். மாய வலி (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பதுபோலத் தோன்றும் வலி) வரலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

"வலிக்குதுங்களாக்கா?"

"சுடுதுடி."

"எங்கங்க?"

சேலை மடிந்து தரையைத் தொடுகிற இடத்தைக் காட்டினேன். கால் இருந்தபோது படாத நெருப்பு, ஒரு வருஷம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது.

வெள்ளச்சி சொம்புத் தண்ணீரை எடுத்து அந்த வெறுந்தரையில் ஊற்றினாள். தண்ணீர் மண்ணில் இறங்கியது. சூடு இறங்கவில்லை.