என் ஓரகத்தி வீட்டு வடிகட்டும் தொட்டி

நானும் என் ஓரகத்தி செல்வியும் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்; வயலில் நடவு வேலைக்கும் சேர்ந்தே போவோம். ஊரில் முதன்முதலாகக் கழிவுநீரை வடிகட்டும் தொட்டியை அவள் வீட்டில்தான் கட்டினார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஜல்லியிலும் மணலிலும் இறங்கித் தெளிந்து அவளுடைய வாழைக்குப் பாயும். என் வீட்டுத் தண்ணீரோ தெருவில் சேறாக நிற்கும்.

"செல்வி வூட்டைப் பாரு, இன்னா சுத்தமா கீது!" என்று என் கணவரே சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

தொட்டியைப் பார்க்க அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், யாரும் இல்லாத நேரத்தில் என் பழைய பச்சைப் புடவையைக் கிழித்துச் சுருட்டி அதன் குழாய்க்குள் திணித்துவிட்டேன்.

மறுநாள் அவர்கள் வந்து நின்றபோது அழுக்குத் தண்ணீர் பொங்கி வாசலெல்லாம் நாறியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். செல்வி தோள்வரை கையை விட்டுத் துணியை வெளியே இழுத்தாள். அது யாருடைய புடவை என்று அவளுக்குத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"எங்க வூட்டுக் கரித்துணி சார். நான்தான் பாக்காம வுட்டுட்டேன்" என்றாள்.

அவர்கள் போனதும், "ஏன்டி என்னைக் காட்டிக் குடுக்கல?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டு, அப்பால நடவுக்கு யார்கூடக்கா போறது?" என்றாள், கையைத் தேய்த்துக் கழுவியபடி.

அழுதேன், மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அன்றைக்கு என் பொறாமை தீர்ந்ததென்று சொன்னால் பொய். அப்படி ஒரு பதில் என் வாயில் வந்திருக்காதே என்று, அழுதுகொண்டே அவள்மேல் இன்னும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.