மகளுக்கு ஓர் எழுத்து வகுப்பு வாங்கிய விதம்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போல்ட், ரப்பர் வளையம், கேன்டீனுக்கு அரிசி, எதுவாக இருந்தாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டு, சாம்பிள் பார்த்து, ஒப்பிட்டுத்தான் ஆர்டர் போடுவோம். இந்த முறையில் நான் வாங்கியவற்றில் தவறாகப் போனவை குறைவு. என் மகளுக்கு வாங்கிய எழுத்து வகுப்பு அவற்றில் ஒன்று.

அவள் எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பெண். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் பள்ளியை விட்டாள். ஆங்கிலப் பாடத்தில் கேள்விகளுக்கு நோட்ஸில் உள்ளபடி பதில் எழுதாமல் தன் சொந்த வாக்கியங்களில் எழுதினாள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இப்போதே பழக வேண்டும் என்பது பள்ளியின் கொள்கை. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். மறுநாளும் சொந்த வாக்கியங்களில் எழுதினாள், மறுநாளும் நின்றாள். இது சில வாரங்கள் நடந்தது. பிறகு ஒரு காலையில் சீருடை போடாமல் வந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள்.

"நான் இனிமே போகலம்மா."

"சரி, இன்னும் ரெண்டு வெச்சுக்கோ" என்றாள் என் மனைவி.

எங்கள் வீட்டின் கல்விக் கொள்கை அவ்வளவு சீக்கிரம் முடிவாயிற்று. தேர்வைத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அறிவியல் அவள் அம்மா, கணக்கு நான். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது அது. வீட்டிலிருந்து படிப்பது என்பதை எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கா. வீட்லயே படிக்கிறா."

"வீட்லயேவா? அப்ப லீவு எப்பங்க வுடுவீங்க?"

எழுத்து மட்டும் எங்கள் இருவராலும் சொல்லித்தர முடியாததாக இருந்தது. நான் நன்றாக எழுதுவேன் என்று அலுவலகத்தில் பெயர் உண்டு. ஆனால் நான் எழுதியதெல்லாம் சரக்கு அனுப்பத் தாமதித்த சப்ளையர்களுக்கு. வீட்டுக்குப் பிராட்பேண்ட் வந்த புதிது. இணையத்தில் நடக்கும் ஓர் எழுத்து வகுப்பை அவளே தேடிப் பிடித்தாள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நீலகிரியிலிருந்து தனியாக நடத்துவது. பாடம் மின்னஞ்சலில் வரும். எழுதி அனுப்பினால் மதிப்பெண் போட மாட்டார், கேள்விகள் கேட்டுத் திருப்பி அனுப்புவார். சான்றிதழ் கிடையாது.

"இது போதும்ப்பா."

"மூணு கொட்டேஷன் இல்லாம எப்படிம்மா?"

"இது என்ன போல்ட்டாப்பா?"

"போல்ட்டுக்கே மூணு பாக்குறோம்."

இன்னும் இரண்டு வகுப்புகளை நான் தேடினேன். இரண்டும் பெரிய நிறுவனங்கள். நிலை ஒன்று, நிலை இரண்டு என்று படிகள், வாராவாரம் மதிப்பெண், முடிவில் சான்றிதழ். மூவருமே மாணவி எழுதிய ஒரு பக்கத்தை முதலில் அனுப்பச் சொன்னார்கள். அதைப் பார்த்து நிலையை முடிவு செய்வார்களாம். சாம்பிள் கேட்கிறார்கள் என்று எனக்குத் திருப்தி.

அவள் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினாள். எனக்கு நினைவிருப்பதைத் தமிழில் சொல்கிறேன். 'எங்கள் தெருவில் காலை பதினோரு மணிக்கு நானும் நாய்களும் மட்டும் இருப்போம். மற்ற எல்லோரும் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். நாய்கள் இரண்டாம் ஷிஃப்ட் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும், ஏறுகிறவர்கள் பிஸ்கட் போடுவார்கள். நான் எதற்கும் காத்திருக்கவில்லை என்று நாய்களுக்குத் தெரியும். அதனால் அவை என்னை மதிப்பதில்லை.'

வீட்டில் மின்னஞ்சல் முகவரி எனக்குத்தான் இருந்தது. நான்தான் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும்.

தொழிற்சாலையில் வெளியே போகும் சாம்பிளை அப்படியே அனுப்புவதில்லை. ஓரத்தில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்ப்போம், எண்ணெய் தடவித் துடைப்போம். ரீவொர்க் என்று அதற்குப் பெயர். யாரும் அதை ஏமாற்று என்று நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை. அவள் எழுதியதை ரீவொர்க் செய்தேன். 'எங்கள் குடியிருப்புப் பகுதி வேலை நேரங்களில் அமைதியாகக் காணப்படும்' என்று தொடங்கினேன். பிஸ்கட் போடுகிறவர்களை வாயில்லா ஜீவன்களிடம் கருணை கொண்ட தொழிலாளர்கள் ஆக்கினேன். கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டேன். தன்னை நாய்கள் மதிப்பதில்லை என்று ஒரு பெண் எழுதினால் படிக்கிறவர்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அவள் பெயரைப் போட்டு மூன்று இடத்துக்கும் அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை.

பெரிய நிறுவனங்கள் இரண்டும் மறுநாளே பாராட்டி எழுதின. ஒன்று அவளை நேராக மூன்றாம் நிலையில் சேர்க்கலாம் என்றது. ஆசிரியையின் பதில் வரச் சில நாள் ஆயிற்று. 'பிழையில்லாமல் இருக்கிறது. ஆனால் இதில் பதினைந்து வயதுப் பெண் யாரையும் காணோம். வேறு யாரும் கை வைக்காத ஒரு பக்கத்தை அவளை அனுப்பச் சொல்லுங்கள். அவளுக்காக இடம் வைத்திருக்கிறேன்.'

வாடிக்கையாளர் தன் கம்பெனி கேட்டிலேயே நம் சரக்கு லாரியைத் திருப்பி அனுப்பியது போல இருந்தது எனக்கு. அன்று சாயங்காலம் டீ குடிக்க வந்த நண்பரிடம் பொருமினேன். எங்கள் தொழிற்சாலையிலேயே குவாலிட்டி பிரிவில் இருந்தவர், பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவார்.

"வாங்குறது நாம சார். சப்ளையர் நம்மள ரிஜெக்ட் பண்றதா? எந்த ஊரு நியாயம் இது?"

"யாரும் கை வைக்காதத அனுப்புங்கறாங்க."

"அப்ப நம்ம பொண்ணு திருடி எழுதுச்சுன்றாங்களா? வுடு சார் அந்தம்மாவ. சர்டிஃபிகேட் குடுக்குறவனுக்கு ஆர்டரப் போடு. நாளைக்கு மாப்பிள்ளை வூட்டுல காட்டலாம்."

அவர் மேல் தவறில்லை. ரீவொர்க் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நிலை தந்த நிறுவனத்துக்கு ஆர்டர் போட்டேன். மகளிடம், நீலகிரி வகுப்பில் இடம் இல்லையாம் என்றேன்.

"நான் எழுதினதப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாப்பா?"

"ஒண்ணும் சொல்லல."

இடம் இல்லை என்றது ஒரு பொய். இது அதைவிடப் பெரிய பொய். சொன்னபோது எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாம் நிலை என்பது நான் எழுதியதற்குக் கிடைத்த நிலை. அதில் அவள் போய் உட்கார வேண்டியிருந்தது. அவளுடைய முதல் கட்டுரைகள் மிகக் குறைந்த மதிப்பெண்ணுடன் வந்தன. 'முறையான நடை தேவை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அவள் கெட்டிக்காரி. என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டாள். சில மாதங்களில் அவள் கட்டுரைகள் 'இன்றைய காலகட்டத்தில்' என்று தொடங்கி 'என்பதில் ஐயமில்லை' என்று முடிந்தன. மதிப்பெண் ஏறியது. சான்றிதழை நான் சட்டம் போட்டு மாட்டினேன். அவள் அதற்கு ஆணி பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வந்தாள்.

"அப்பா, அந்த நீலகிரி டீச்சர்கிட்ட இப்ப திரும்பக் கேக்கலாமா?"

"எதுக்கும்மா?"

"அப்ப நான் எழுதினது நல்லாயில்ல போல, அதான் ஒண்ணும் சொல்லாம இடமில்லைன்னுட்டாங்க. இப்ப நல்லா எழுதறேன் இல்ல?"

இரண்டு வருடமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாய்களை எடுத்தது, கருணை சேர்த்தது, ஆசிரியை எழுதியது, இடம் வைத்திருந்தது. மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டாள்.

மகள் கத்தவில்லை. "அப்ப நான் எழுதினத யாருமே படிக்கலயா?" என்றாள்.

"நான் படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்வியை நான் அதுவரை என்னையே கேட்டுக்கொண்டதில்லை. சாம்பிளில் பிசிறைப் பார்த்தேனே தவிர வேறெதையும் பார்க்கவில்லை. "நல்லா இருந்துச்சும்மா" என்றேன். உண்மைதான். அந்த வாக்கியங்கள் எனக்கு மறக்கவேயில்லை.

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மனைவிதான் பேசினாள். "அந்த ஸ்கூல்காரங்க அவகிட்ட சொல்லிட்டாவது வெளிய நிக்க வெச்சாங்கங்க."

மகள் அந்த ஆசிரியைக்குத் தானே எழுதினாள். இதற்குள் அவளுக்கென்று மின்னஞ்சல் முகவரி இருந்தது. கண் பார்வை குறைந்துவிட்டதால் வகுப்பை நிறுத்திவிட்டதாக யாரோ அவர் சார்பில் பதில் போட்டார்கள். அந்தச் செய்தியை மகள் சாப்பாட்டின்போது, ரசம் கேட்கிற குரலில் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்றாள். அந்தச் சரியை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அலுவலகக் கடிதங்களை அவள்தான் எழுதிக்கொடுக்கிறாளாம், நன்றாக எழுதுகிறாள் என்று பெயராம். விடுமுறையில் வந்தால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து எதையோ எழுதுகிறாள். அவள் அம்மா படித்திருக்கிறாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன். "அது அவ கதை, அவளே காட்டுனா பாத்துக்குங்க" என்றாள்.

துணி எடுக்க மாடிக்குப் போக வேண்டியிருக்கும்போது நான் படியில் நின்று இரண்டு முறை இருமுகிறேன். அவள் மூடி வைத்துவிட்டு, "வாங்கப்பா" என்கிறாள். அதன் பிறகு ஏறுகிறேன்.