பெயர் போடாத பதிவு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: என் தங்கை. தங்கையின் வீட்டுக்காரர். அவர்களுடைய ஒரே மகள், கல்யாணப் பெண். மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளையின் சித்தப்பா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இப்போது பென்ஷன் வாங்குபவர். மாப்பிள்ளை. கடைசியாக நான், பெண்ணுக்குத் தாய்மாமன். ஏழு பேருக்கு ஆறு நாற்காலி. நான் கதவோரம் நின்றேன்.

நடுவில் ஸ்டூல் மேல் மாப்பிள்ளையின் அம்மா தன் போனை வைத்திருந்தார். அதில் தெரிந்தது நான் எழுதியது.

எனக்கு முதலியார்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை. படித்தது ஏழாவது வரை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் வர மாட்டார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு போனில் ஒரு விரலால் பிளாக் எழுதுவேன். பேச ஆள் இல்லாமல் இல்லை. பேச வராது, அவ்வளவுதான். கருகி வந்த மோட்டார், தெருவில் நடந்த சண்டை, மழைத் தண்ணீர் கடைக்குள் வந்தது, இப்படி அன்றன்று நடந்தது. மேலே ஒரு வரி போட்டு வைத்திருக்கிறேன்: ‘இங்கே எழுதியிருப்பது எல்லாம் நடந்தது.’ பதினைந்து இருபது பேர் படிப்பார்கள். யார் என்று தெரியாது.

யார் பெயரையும் எழுதுவதில்லை. பெயர் இல்லை என்றால் யாருக்கும் பாதகம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

தங்கை மகள் கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்று மடத்தில் சேர்ந்தாள். ஒன்றரை வருஷம் இருந்தாள். பிறகு வந்து அழைத்துப் போகச் சொல்லி போன் வந்தது. நான்தான் போனேன். மறுநாள் அதை எழுதினேன். போடுவதற்கு முன் அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, “போடு மாமா” என்றாள். போட்டேன்.

பெயர் எழுதவில்லை. ரயில்வே கேட் பக்கத்தில் மோட்டார் கடை என்று எழுதியிருந்தேன். ஒரே தங்கையின் ஒரே மகள் என்று எழுதியிருந்தேன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்றும் எழுதியிருந்தேன். பெயரைத் தவிர எல்லாம் இருந்தது.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து வரன் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, நடுவில் ஒன்றரை வருஷம் பெண் ஊரில் இல்லையே, எங்கே இருந்தாள் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். “ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா” என்றாள் தங்கை. மடத்திலிருந்து திரும்பி வந்த பெண் என்றால் ஊர் ஏதாவது ஒன்று சேர்த்துச் சொல்லும். நோய் என்பார்கள். வேறு மாதிரியும் சொல்வார்கள். அதற்குப் பயந்தாள். பெண் தலை குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று. முதல் ஓலை ஆயிற்று. இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள், பிரான்சில் இருக்கும் மாப்பிள்ளையின் அக்கா கண்ணில் என் பிளாக் பட்டது. அவளுக்கு ஊர் ஞாபகம் வந்தால் போனில் புதுச்சேரி, முதலியார்பேட்டை என்று தமிழில் தேடிப் படிப்பாளாம். போட்டோ பிடித்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

ஞாயிறு காலைப் பூசையில் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். வெளியே வருவதற்குள் தங்கைக்குப் போன். “வரோம். உங்க அண்ணனையும் இருக்கச் சொல்லுங்க.”

அவர்கள் வருவதற்கு முன் தங்கை என்னைச் சமையலறைக்கு இழுத்தாள்.

“அண்ணா, கதைன்னு சொல்லிடு. சும்மா கற்பனையா எழுதுனேன்னு சொல்லிடு. முடிஞ்சிபோவும்.”

அவள் வீட்டுக்காரர் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். “ஏழாவது படிச்சிட்டு எழுத்தாளரு ஆயிட்டாரு. காயிலு கட்டறத உட்டுட்டு எதுக்கு மச்சான் உனுக்கு இந்த வேல? கரண்டுல கை வச்சிருந்தா கூட நீ ஒருத்தன் தான் போயிருப்ப.”

அவர் சொன்னது சரி.

வந்தார்கள். தங்கை காபி கொண்டுவந்தாள். சித்தப்பா கையை உயர்த்தி, பிரெஞ்சில் நன்றி சொல்லும் பழக்கத்தில், “மெர்சி, வேணாம்மா” என்றார். மற்றவர்களும் எடுக்கவில்லை. ஆறு டம்ளரும் தட்டிலேயே இருந்தன.

மாப்பிள்ளையின் அம்மா சுற்றி வளைக்கவில்லை.

“இது நிஜமா, கதையா?”

தங்கை என்னையே பார்த்தாள். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு சொல் போதும். ‘கதை’ என்றால் எல்லாரும் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் நடந்துவிடும். ஒரு தரம் தலையாட்டியவன்தானே. இன்னொரு தரம் ஆட்டினால் என்ன.

பெண்ணைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடந்தது” என்றேன்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர், “போச்சி” என்றார்.

“மொகம் வீங்கியிருந்துச்சின்னு போட்டிருக்கு. அங்க என்ன நடந்துச்சி? எதுக்குத் தொரத்துனாங்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“தொரத்தல.”

“அப்புறம்?”

போனைக் குனிந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் அக்கா அனுப்பியது பாதிதான். போட்டோவில் கொள்ளவில்லை போலிருக்கிறது. மடத்து வாசல், நீலப்பெட்டி, வீங்கின முகம், திண்டிவனம் வரை பேசவில்லை என்பதோடு வெட்டியிருந்தது.

“மீதி இருக்கு. முழுசாப் படிங்க” என்றேன். என் போனில் பதிவைத் திறந்து நீட்டினேன்.

சித்தப்பா வாங்கினார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். “நான் படிச்சதெல்லாம் பிரெஞ்சி ஸ்கூலு. தமிழு எழுத்துக் கூட்டிப் படிச்சி முடிக்க சாயந்தரம் ஆயிடும். இந்தாடா, நீ படி” என்று மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

மாப்பிள்ளை போனை வாங்கினார். எழுந்து நின்று படித்தார், கோவிலில் வாசகம் படிப்பதுபோல.

“‘திண்டிவனத்தில் பஸ் நின்றது. வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றாள். அங்கே யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை மாமா என்றாள். நல்லபடியாகத்தான் வைத்திருந்தார்கள். எனக்குத்தான் ஜெபம் வரவில்லை. ஆறு மாசமாக வந்த மாதிரி முட்டி போட்டேன். வராததை வந்த மாதிரி காட்ட முடியவில்லை மாமா. நானே மதரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இன்னொரு பிஞ்சு வேணுமா என்று கேட்டேன். வேணும் என்றாள்.’”

அவ்வளவுதான் பதிவு. அவர் போனை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பெண்ணைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த விசிறிக்கு நான்தான் காயில் கட்டினேன். கொஞ்சம் இரைச்சல் உண்டு.

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன சம்மந்தி?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “மடத்துல இருந்தான்னா நான் வேணாம்னு சொல்லிடுவேனா? நேருக்கு நேரா கேட்டேனே. ஹாஸ்டல்னு சொன்னீங்க. உங்கண்ணன் தலைய தலைய ஆட்டுனாரு.”

தங்கை அழ ஆரம்பித்தாள்.

“என் தப்புதான்” என்றேன்.

“தப்புதான். மறைச்சது மறைச்சதுதான். மொதல்ல அதை எடுத்துடுங்க. நாலு பேரு படிக்கிற எடத்துல எதுக்கு?”

போனை எடுத்தேன். அழிப்பது சுலபம். இரண்டு தரம் தொட்டால் போய்விடும். விரல் வைக்கப் போனேன்.

“எடுக்காத மாமா” என்றாள் பெண். அன்று அவள் பேசியது அப்போதுதான். “எடுத்தா மறுபடியும் மறைக்கிற மாதிரி ஆயிடும். அன்னிக்கி ஹாஸ்டல்னு அம்மா சொல்லும்போது நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. அது ஒண்ணு போதும்.”

“பாத்தியா பேசறத” என்று அவள் அப்பா பல்லைக் கடித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். எழுந்தார். மூன்று பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் கேட்டைத் தாண்டிய பிறகு ஒரு தரம் திரும்பினார்.

அந்த வாரம் யாரும் போன் செய்யவில்லை. நாங்களும் செய்யவில்லை. செய்யக் கூடாது என்று தங்கை வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தங்கை என்னோடு பேசவில்லை. கல்யாணப் பத்திரிகைக் கட்டு அவள் வீட்டு பீரோ மேல் அப்படியே இருந்தது. நான் கடைக்குப் போனேன், காயில் கட்டினேன். ஒரு மோட்டாருக்குச் சுற்று எண்ணிக்கை தவறி இரண்டு தரம் பிரித்துக் கட்டினேன். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி போனைத் திறப்பேன். எழுத ஒன்றும் வரவில்லை. பதிவை எடுக்கவும் இல்லை.

வேண்டாம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் சாமியாரிடம் சொன்னால் போதும். மூன்றாவது ஓலை வாசிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய், ஓலைக் கணக்கு எழுதும் உபதேசியாரைக் கேட்டேன்.

“யாராவது வந்தாங்களா?”

“வந்தா சாமியாருகிட்ட போவாங்க. எங்கிட்ட எதுக்குய்யா வராங்க?”

“இந்த வாரம் எத்தினி ஓல?”

“எதுக்குக் கேக்கற?”

“சும்மா.”

அவர் நோட்டைப் புரட்டினார். போன வாரம் ஐந்து ஜோடி. அதில் இரண்டு ஜோடிக்கு அதுவே கடைசி ஓலை. புதிதாக யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்கும் நாளும் முடிந்துவிட்டது. மீதி மூன்று என்றார். அதில் எங்களுடையதும் சேர்த்தி. சாமியார் கடைசி நேரத்தில் எதையாவது நிறுத்தினால் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

ஞாயிறு பூசைக்குப் போனேன். பின் கதவோரம் நின்றேன். தங்கை பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் மகளோடு இருந்தாள். முக்காட்டை முகம் வரை இழுத்துவிட்டிருந்தாள். தங்கை வீட்டுக்காரர் உள்ளேயே வரவில்லை. வெளியே ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தார்.

நன்மை அப்பம் கொடுத்து முடிந்தது. சாமியார் காகிதத்தை எடுத்தார். மைக் ஒரு தரம் கிறீச்சிட்டது. முதல் ஜோடி வாசித்தார். எங்களுடையது இல்லை. இரண்டாவது வாசித்தார். அதுவும் இல்லை. காகிதத்தைத் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். சாமியார் மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.

மூன்று.