பதினான்கு பேண்டும் ஒரு சம்ப்பும்

மோட்டார் காற்றை இழுத்து வெறுமனே உறுமத் தொடங்கியதும் தயாளன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்ப்பின் மூடியைத் தூக்கிவிடுவார். மாடம்பாக்கத்தில் தண்ணீர் தீர்ந்தால் மற்றவர்கள் லாரிக்குப் போன் செய்வார்கள். இவர் கிதாரோடு தொட்டிக்குள் இறங்குவார். லாரிக்குப் போன் செய்வது மனைவி கோகிலவாணியின் பாடு. லாரி வந்து சேரும்வரை கிடைக்கிற ஒன்றிரண்டு மணி நேரம், காலித் தொட்டிதான் ரெக்கார்டிங் ஸ்டூடியோ. "எக்கோ சும்மா கோயில் கணக்கா கீது!" என்று பூமிக்கடியிலிருந்து குரல் வரும்.

தாத்தா நெல் விளைத்த நிலத்தில் இன்று ஆறு வாடகை வீடுகள், முன்பக்கம் ஒரு பைப் கடை. நாற்பதைத் தாண்டிய தயாளன், பைப்பை விற்பதற்கு முன் விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்ப்பார். நல்ல சுதியில் ஒன்று சிக்கிவிட்டால் போச்சு. "இது டேமேஜ் பீஸு சார், வேற தர்றேன்" என்று உள்ளே ஒளித்துவிடுவார். அப்படிச் சேர்த்த பைப்புகளை ஊதியே 'முக்கால் இஞ்ச்' என்றொரு பேண்டு ஆரம்பித்தார்.

ஒரு மெட்டு வந்தால் பாட்டு எழுதுவது உலக வழக்கம். இவர் முதலில் ஒரு பேண்டு ஆரம்பிப்பார். பெயர், சட்டை, சட்டம் எல்லாம் தனித்தனி. 'திருநீர்மலை இறக்கம்' பாட்டுகள் வேகமெடுத்துக்கொண்டே போகவேண்டும், பிரேக் கூடாது. 'ஈபி ஆபீஸ் லஞ்ச்' பாட்டுகளில் பாதி நேரம் சத்தமே இருக்காது. ஒன்பது வருடத்தில் பதினான்கு பேண்டு; பதினான்கிலும் ஆள் அவர் ஒருவர்தான். "இதெல்லாம் சைடு ப்ராஜெக்ட்டு" என்பார்.

"சைடுன்னா நடுவுல ஒண்ணு இருக்கணுமே, அது எங்கய்யா கீது?" என்று கோகிலவாணி கேட்டால் மட்டும் ஒரு பைப்பை எடுத்துத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நடுவில் ஒன்று இருந்தது. 'ரயில்வே கேட்'. தயாளன் கிதார், சேலையூர் மெர்வின் டிரம்ஸ். குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழாவில் மூன்று பாட்டு முடிந்ததும் தயாளன் மைக்கைப் பிடித்து, "ரயில்வே கேட் இத்தோட க்ளோஸ். அடுத்த பாட்டு வேற பேண்டு" என்று அறிவித்துவிட்டு மேடையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டார். புது பேண்டின் சட்டப்படி அதில் டிரம்ஸ் கிடையாது. அதை மெர்வினிடம் சொல்ல மறந்திருந்தார். தனக்குப் பெண் கொடுக்கப்போகிறவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, மெர்வின் அரைமணி நேரம் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் சும்மா இருந்தார்.

பிறகு மெர்வின் நாவலூருக்கு ஐடி வேலைக்குப் போனார். போனை எடுப்பதையும் விட்டுவிட்டார். தயாளன் ஒவ்வொரு பாட்டையும் அவருக்கு அனுப்புவார். நீல டிக் விழும், பதில் வராது. வேறு டிரம்மரைக் கூப்பிட மனசு ஒப்பவில்லை, மன்னிப்பு கேட்கவும் வாய் வரவில்லை. பாட்டு அனுப்பினாலே புரிந்துகொள்வான் என்று ஒன்பது வருடம் நம்பிய மனுஷன்!

போன வாரம்தான் முதன்முறையாகப் பாட்டில்லாமல் ஒரு வாய்ஸ் மெசேஜ் போனது. "மச்சான், அன்னிக்கு உன்ன மேடையில குந்த வச்சிட்டேன். தப்பு என்னுதுதான்டா."

மறுநாள் பதில் வந்தது. "சண்டே வர்றேன். ஒரே ஒரு பாட்டு. எந்த பேண்டுன்னு முன்னாடியே சொல்லிடு."

'ரயில்வே கேட்' என்று டைப் செய்வதற்குள் தயாளனுக்கு மூன்று முறை விரல் தவறியது.

ஞாயிறு காலை, ஆறு வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லாத நல்ல நேரத்தில், மெர்வின் ஒற்றை டிரம்மோடு ஏணியில் இறங்கினார். உடம்பு போட்டிருந்தது. "ஹால் கொஞ்சம் டைட்டா இருக்கே மச்சான்" என்றார். அவ்வளவுதான், ஒன்பது வருடப் பேச்சு. முதல் டேக்கை ஒரு விமானம் கெடுத்தது. இரண்டாவது சிரிப்பில் போயிற்று. மூன்றாவது பிடித்துக்கொண்டது. தயாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்க கிதாரை விடவேண்டுமே என்று அப்படியே வாசித்தார்.

பாதிப் பாட்டில் தெருவில் ஹார்ன். லோகுவின் தண்ணீர் லாரி. லோகு யாருக்காகவும் நிற்கிற ஆளில்லை. தாமதித்தால் லோடு அடுத்த தெருவுக்குப் போய்விடும். அவரையே நாலு முறை போன் போட்டு அவசரப்படுத்தியிருந்தவர் கோகிலவாணி.

"இன்னாக்கா, ஓஸ் பைப்பப் போட்லாமா? டைமாவுது!"

இன்ஜின் உறுமலில் தொட்டியே அதிர்ந்தது. அவ்வளவுதான், போச்சு என்று தயாளன் கண்ணை மூடிக்கொண்டார். மெர்வின் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று உறுமல் அடங்கியது. "இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும்ணா. காபி குடிச்சிட்டு ஊத்துங்க" என்று கோகிலவாணியின் குரல் கேட்டது.

தொட்டியின் வாயில் வெளிச்சம் மறைந்தது. அவருடைய வலது கை உள்ளே நீண்டு ஐந்து நிமிடம் என்று ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டியது. அதிலிருந்த வளையல்கள் குலுங்கிப் பாட்டைக் கெடுத்துவிடாதபடி, இடது கையால் அவற்றை இறுகப் பிடித்திருந்தார்.