புதைமேட்டு நர்சம்மா

உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும். அதிலும் நர்சம்மா பின்பக்கமாகத் தவழ்வார். முழங்காலில் பழைய ஸ்வெட்டரின் கைகள், கழுத்தில் டார்ச், முகம் நம் பக்கம். “உங்க முகம் தெரியணும். முகத்தைப் பார்க்காம எனக்கு வேலை ஓடாது” என்பார்.

ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் புல் மூடிய மேடு அது. எழுத்தே இல்லாத காலத்து மனிதர்கள் தங்கள் இறந்தவர்களைக் கிடத்திய கல்லறை உள்ளே இருக்கிறது. சாவி, மேட்டை ஒட்டிய வீட்டு நர்சம்மாவிடம். பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் தட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முதலில் நாடி பிடித்துப் பார்ப்பார். “சாப்பிட்டீங்களா? வெறும் வயித்தோட உள்ள விடமாட்டேன்.” ஆராய்ச்சிக்கு வரும் பேராசிரியர்களுக்கும் இதே அதட்டல்தான். கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்த பிறகே பூட்டு திறக்கும்.

நான் அக்காவை அழைத்துப் போயிருந்தேன். அத்தான் இறந்ததிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து, கண்முன்னே கரைந்துகொண்டிருந்தாள். அவளாக வாய்திறந்து கேட்டது இந்த மேட்டைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான். நர்சம்மாவிடம் விஷயத்தைக் காதோடு காதாகச் சொல்லிவைத்தேன். “சரி, பார்க்கலாம்” என்றார்.

கல்லறைக்குப் போகும் குறுகிய கல்வழியில் தவழும்போது, பாதியில் அக்கா நின்றுவிட்டாள். முன்னால் அவர், பின்னால் நான், தலைக்கு மேல் கல்.

“என்னால முடியாது. என்னை விட்டுடுங்க.”

நர்சம்மாவின் ‘நீங்க’ காற்றில் பறந்தது. “முடியாதுன்னு சொல்லாதவளை நான் பார்த்ததே இல்லடி. பல்லைக் கடிக்காத, கத்து. என்னை எத்தனை பேரு திட்டியிருக்காங்க தெரியுமா? புருஷனைத் திட்டினதை விட அதிகம்.”

“அவரு போயிட்டாரு” என்றாள் அக்கா.

“ஆமா, போயிட்டாரு. கையைப் புடி. இன்னும் கொஞ்சம்தான். தலை வந்தாச்சு, உடம்பு தானா வந்துடும்.”

கல்லறைக்குள் வந்து விழுந்ததும் அக்கா வீறிட்டு அழுதாள். அத்தனை நாள் அடைத்துக்கிடந்த அழுகை. என் பாரமும் அப்போதுதான் இறங்கியது. அந்த அம்மாளுக்கு எந்த ஜென்மத்தில் நன்றிக்கடன் தீர்ப்பேன்! அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. ஒரு கையால் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டே, அழுகைச் சத்தம் கேட்ட பழக்கதோஷத்தில், மறு கையின் கடிகாரத்தை டார்ச் வெளிச்சத்துக்குத் திருப்பி மணி பார்த்துக்கொண்டிருந்தார்.