பேருந்து நிலையத்தில் ஒரு ஒற்றைக்கண் பூனை

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் நடந்தது இது. தேர் நிலைக்கு வந்து ஊர் சற்று ஓய்ந்திருந்த நேரம். நான் வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனுவை எந்த மேசையில் கொடுத்தால் அது எந்த மேசையில் போய்த் தூங்கும் என்பது வரை அறிவேன். அந்த அறிவுதான் அன்று என்னை நடு பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தது.

நாங்கள் இருப்பது ராஜபாளையத்தில். ஊர்ப் பெயரைச் சொன்னாலே நாய்தான் எல்லோருக்கும் நினைவு வரும். எங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளை நாய் இருந்தது; வயதாகிப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு நாயோடு தெருவில் நடக்க என் மனைவியின் முழங்கால்கள் சம்மதிக்கவில்லை. "பூனை வளப்போம். அது நம்மள வாக்கிங் கூப்பிடாது" என்றாள். எதிர்வீட்டு முன்னாள் ராணுவ வீரர் இரண்டு வேட்டைநாய் வைத்திருப்பவர். விஷயம் கேள்விப்பட்டதும், "நம்ம தெருவுல பூனையா சார்? எங்க பயலுவ ரெண்டும் ராஜினாமா குடுத்துருவானுவளே" என்று வருத்தப்பட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சில கல்லூரி ஆசிரியைகள் சேர்ந்து தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்து, வீடு தேடிக் கொடுத்துவந்தார்கள். உலகம் பூனைகளுக்கென்று ஒரு நாள் வைத்துக் கொண்டாடுகிறதாம். இவர்கள் அதையொட்டி ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் கூண்டுகளை வரிசையாக வைத்து, வேண்டியவர்கள் வந்து அழைத்துப் போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். நாங்கள் இருவரும் போனதும் நான் முதலில் கேட்டது, இதற்கு அனுமதி வழங்கும் அதிகாரி யார் என்று. பொறுப்பாக இருந்த ஆசிரியை சிரிக்காமல், "பூனைதான் சார். அது சம்மதிச்சாப் போதும்" என்றார்.

குட்டிகள் எல்லாம் காலையிலேயே போய்விட்டன. மிச்சம் இருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பெட்டைப் பூனை. ஒரு கண் மூடித் தழும்பாகியிருந்தது. முன்பு இரண்டு தடவை இதுபோல வராந்தாவுக்கு வந்து, யாரும் கேட்காமல் அப்படியே திரும்பிப் போன பூனை. என் மனைவி அதற்கு நேரே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். ஆகவே, அது முடிவான விஷயம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. செல்லி என்று பெயர்கூட வைத்துவிட்டாள்.

ஆசிரியை அந்தப் பூனை படுத்துப் பழகிய பழைய துண்டு ஒன்றை நாங்கள் கொண்டுபோயிருந்த, மூடியும் கொக்கியும் உள்ள பிரம்புக்கூடையின் அடியில் விரித்தார். "வீடு பழகுற வரைக்கும் ஒரு ரூம்லயே வைங்க. வழியில எங்கயும் கூடையத் திறக்காதீங்க" என்று சொல்லி, பூனையின் தலையைத் தடவிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அத்தனைக்கும் தலையாட்டினேன். விதிமுறைகளை எனக்கா சொல்லித்தர வேண்டும்?

ராஜபாளையம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தோம். வண்டி புறப்படச் சற்று நேரம் இருந்தது. கூடை என் மடியில். நடத்துனர், மெலிந்த நடுவயதுக்காரர், கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பூனையா? உசுருள்ளத எல்லாம் ஏத்தக் கூடாதே."

அடைத்த கூடையில் இருக்கும் சிறு பிராணியை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. கொக்கி லூசாக இருக்கிற மாதிரித் தெரிகிறது, பாதி வழியில் திறந்துகொண்டால் யார் பதில் சொல்வது என்றார். நியாயமான கேள்விதான். கொக்கி எவ்வளவு இறுக்கமானது என்பதை நேர்முகமாக நிரூபிப்பதே முறை என்று எனக்குத் தோன்றியது. "பாருங்க, இப்படித்தான் திறக்கும், இப்படித்தான்..." என்று மூடியைத் திறந்தேன்.

மூட வாய்ப்பே வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டு, முன்சீட்டுக்காரர் தோளில் கால் வைத்து, திறந்திருந்த வாசல் வழியாகப் பறந்துபோனது.

பின்னாலிருந்து ஒருவர், "கொக்கி நல்ல கொக்கிதான்" என்றார்.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கினாள். அவளைத் தொடர்ந்து நானும். வண்டிக்கு நேரமாகிவிட்டது. நகரும்போது நடத்துனர் கூடையை ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேருந்து நிலையத்தில் பூனையைத் தேடுவது எப்படி என்பதற்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை. நாலா பக்கமும் வண்டிகள் வருவதும் பின்னால் போவதுமாக இருந்தன. கடைக்கடியில் பார்த்தேன், கழிவுநீர்க் கால்வாயில் பார்த்தேன், பழக்கூடைகளுக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு கடையில் பால்கோவா வாங்கி, இலையில் வைத்து அங்கங்கே காட்டினேன். ஒரு காகம் மட்டும் ஆர்வம் காட்டியது. ஒவ்வொரு வண்டி பின்னால் போகும்போதும் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கண் தெரியாத பூனை. அந்தப் பக்கத்திலிருந்து சக்கரம் வந்தால் அதற்குத் தெரியாது.

"வீட்டுக்குப் போயிருவோமா?" என்று ஒரு கட்டத்தில் கேட்டேன்.

"நீங்க போங்க. ரெண்டு தடவ வந்து ரெண்டு தடவயும் திரும்பிப் போனது. மூணாவது தடவ வந்தவ நான். நான் எப்படிப் போறது?" என்றாள். அதோடு சும்மா இருக்கவில்லை. "ஆனா, கொக்கி கேஸு நீங்கதான் ஜெயிச்சீய."

அந்த வாக்கியத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

வெயில் சாய்ந்த நேரத்தில் அதே பேருந்து ராஜபாளையம் போய்விட்டுத் திரும்பி வந்தது. நடத்துனர் இறங்கி டீக்கடைப் பக்கம் நடந்தவர், தூணோரம் நின்ற என் மனைவியைக் கண்டு நின்றார்.

"என்னம்மா, இன்னும் கெடைக்கலயா? அப்ப இருந்து நின்னுக்கிட்டா இருக்கிய?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவர் டீக்கடைக்குப் போகவில்லை. நேராக நேரக் காப்பாளர் அறைக்குள் நுழைந்தார். உள்ளே ஏதோ வாக்குவாதம். பிறகு, எந்த ஊருக்கு எந்த வண்டி என்று மட்டுமே கத்திப் பழகிய அந்த ஒலிபெருக்கியில் நடத்துனரின் குரல் கேட்டது.

"எல்லா வண்டி டிரைவர்மாரும் செத்த கவனிங்க. பூனை ஒண்ணு ஸ்டாண்டுக்குள்ள இருக்கு. சாம்பக் கலரு, ஒத்தக் கண்ணு. வண்டிய எடுக்க முன்ன இறங்கி, அடியில ஒரு தடவ பாத்துட்டு எடுங்கப்பா. ஒரு அம்மா ரொம்ப நேரமா நிக்காவ."

அப்படி அறிவிக்க எந்த விதியும் இல்லை. அனுமதித்த நேரக் காப்பாளரிடம் யாராவது விளக்கம் கேட்டால், அவர் எழுதிக் கொடுக்க ஒரு வரி கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அப்படி எத்தனை விளக்கங்களை நானே கேட்டிருக்கிறேன்.

முதலில் சிரிப்புச் சத்தம்தான் வந்தது. "ஏலே, நாம காணாமப் போனா மைக்குல சொல்லுவானுவளா?" என்று ஒரு ஓட்டுநர் கேட்டார். கேட்டுக்கொண்டே இறங்கினார். அவர் குனிய, அடுத்தவர் குனிந்தார். காக்கிச் சட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொடுகிற மாதிரி வளைந்தன. பயணிகளில் சிலர் இறங்கி எதிர்ப்பக்கமிருந்து பார்த்தார்கள்.

வ. புதுப்பட்டி போகும் வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் வேண்டாவெறுப்பாக இறங்கி, பின்சக்கரத்தருகே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார். யாரோ ஏறி எஞ்சினை நிறுத்தினார்கள்.

பின்னால் ஜோடியாக இருக்கும் இரண்டு டயர்களுக்கு நடுவே உள்ள சந்தில் சுருண்டு கிடந்தது செல்லி. சக்கரம் ஒரு சுற்று சுழன்றிருந்தால் போதும்.

நான் கையை நீட்டினேன், சீறியது. பால்கோவாவை நீட்டினேன். ஊரே மெச்சும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஜீவனை அன்றுதான் கண்டேன். என் மனைவி, "எல்லாரும் செத்த தள்ளி நில்லுங்க" என்றாள். கூடையைப் படுக்கவைத்து, துண்டு தெரியும்படி சக்கரத்தருகே நகர்த்தினாள். அந்தப் பெரிய நிலையத்தில் அத்தனை பேரும் ஓரடி பின்வாங்கி நின்றார்கள். பூனை ஒரு கண்ணால் எங்கள் எல்லோரையும் அளந்தது. மெதுவாக வந்து, துண்டை முகர்ந்து, தன் சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி உள்ளே போய்ப் படுத்தது.

கொக்கியை என் மனைவிதான் மாட்டினாள். அந்தப் பொறுப்பு அன்றிலிருந்து அவளுடையது.

ராஜபாளையத்துக்கு அதே பேருந்தில்தான் வந்தோம். நடத்துனர் எங்களுக்கு முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அலுவலகக் கடிதங்களில் எழுதிப் பழகிய வார்த்தைகளைத் தவிர வேறெதுவும் வரவில்லை. அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், தெறந்து காட்ட வேண்டாம். நான் நம்புறேன்" என்றார்.

செல்லி இப்போது எதிர்வீட்டு நாய்கள் இரண்டையும் மதில்மேல் அமர்ந்து நிர்வகித்து வருகிறாள். ராஜினாமா எதுவும் வரவில்லை. பள்ளி வராந்தாவில் பூனைகளுக்கு வீடு தேடும் நாட்களில் என்னையும் கூப்பிடுகிறார்கள். பூனைகளுக்கு நம்மால் என்ன செய்ய முடியும் என்று அங்கே யாராவது கேட்டால், கருத்தடை, தடுப்பூசி, தத்து என்று முறைப்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியாக, வண்டியை எடுக்கும் முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள் என்கிறேன். தினமும் காலையில் ஸ்கூட்டரை எடுக்குமுன் என் முதுகு முனக முனக நானும் குனிகிறேன். குனியும் ஒவ்வொரு முறையும், எந்த உத்தரவும் இல்லாமல் ஒரு பூனைக்காக வளைந்த அந்தக் காக்கி முதுகுகள் என் கண்முன் வருகின்றன.